அடைப்பு நீங்கிய மூளைக்குப் பிராணவாயு

மனித மூளையின் எடை, உடல் எடையில் 50-ல் ஒரு பங்குதான். ஆனால் உடல் செலவிடும் பிராணவாயுவில் 5-ல் ஒரு பங்கு அதற்கு வேண்டும். அதைச் சேமித்து வைக்கும் கிடங்கும் மூளையில் இல்லை. எனவே, மூளைக்குச் செல்லும் தமனி ஒன்றை இரத்தக் கட்டி அடைத்துவிட்டால், சில நிமிடங்களிலேயே நரம்பணுக்கள் மடியத் தொடங்குகின்றன. வாய் கோணுகிறது, பேச்சு குழறுகிறது, ஒரு பக்கத்துக் கையும் காலும் செயலிழக்கின்றன. இதையே பக்கவாதம் என்கிறோம்.

அடைப்பின் நடுப்பகுதியிலுள்ள அணுக்கள் விரைவில் மடிகின்றன. அதைச் சுற்றியுள்ள பகுதியோ, பக்கத்துக் குழாய்கள் வழியே வரும் சிறிதளவு இரத்தத்தைக் கொண்டு, செயலற்றாலும் சில மணி நேரம் உயிரோடு இருக்கிறது. மருத்துவர்கள் போராடுவது இப்பகுதிக்காகத்தான். தொடை இடுக்கிலுள்ள தமனி வழியாக மெல்லிய குழாயை மூளை வரை செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கும் முறை இன்று உண்டு. இதன் பயனை 2015-ல் வெளியான ஐந்து ஆய்வுகள் நிலைநாட்டின. ஆயினும், இச்சிகிச்சை பெற்றவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேர் பிறர் துணையின்றி வாழும் நிலையை அடைவதில்லை.

இவர்களுக்குப் பிராணவாயுவைக் கூடுதலாகக் கொடுத்தால் என்ன? விடை காண ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

100 மி.லி. இரத்தத்தில் ஏறத்தாழ 20 மி.லி. பிராணவாயு உள்ளது. அதில் பெரும்பகுதியைச் சுமப்பது செவ்வணுக்களிலுள்ள ஹீமோகுளோபின். சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போதே அது 97 சதவீதம் நிரம்பிவிடுகிறது. இடமில்லாத பேருந்தில் இன்னும் எத்தனை பேரை ஏற்ற முடியும்? ஆனால் இரத்த நீர்மத்தில் கரைந்திருக்கும் பிராணவாயுவின் கதை வேறு. ஒரு வாயு திரவத்தில் கரையும் அளவு, அவ்வாயுவின் அழுத்தத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது ஹென்றி விதி. அதன்படி, காற்றைச் சுவாசிக்கும்போது 0.3 மி.லி. மட்டுமே கரைந்திருக்கும் பிராணவாயு, தூய பிராணவாயுவைச் சுவாசித்தால் 2 மி.லி. வரை உயர முடியும். மூளை 100 மி.லி. இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்வதே 6 அல்லது 7 மி.லி. தான். அப்படியானால் இந்த 2 மி.லி. அற்பமானதா?

கணக்குச் சரி, உடல் ஒப்புக்கொள்ள வேண்டுமே! பிரிட்டனில் 8,003 பக்கவாத நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், நிமிடத்திற்கு 2 அல்லது 3 லிட்டர் வீதம் பிராணவாயு கொடுத்துப் பார்த்தார்கள். பயன் இல்லை என்ற முடிவு 2017-ல் வெளியாயிற்று.

2025-ல் சீனாவிலிருந்து வேறொரு முடிவு வந்தது. பெரிய தமனி அடைபட்டு, 6 மணி நேரத்திற்குள் வந்து, கட்டியை அகற்றும் சிகிச்சைக்கு உட்பட்ட 282 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு முகமூடி வழியே நிமிடத்திற்கு 10 லிட்டர் வீதம் 4 மணி நேரம் தூய பிராணவாயு. மற்றவர்களுக்கு, ஒப்பீட்டிற்காக, 1 லிட்டர் மட்டும். 90 நாட்களுக்குப் பின் ஊனத்தின் அளவை 0 முதல் 6 வரையுள்ள அளவுகோலில் மதிப்பிட்டார்கள். முதல் பிரிவின் இடைநிலை அளவு 2. மற்றதன் அளவு 3. ஓர் எண் வேறுபாடுதானே என்று எண்ண வேண்டாம். 3 என்பவர் நடப்பார். ஆனால் அன்றாட வேலைகளுக்குப் பிறர் உதவி வேண்டும். 2 என்பவர் தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொள்வார்.

ஒரே வாயு, இருவேறு முடிவுகள் ஏன்? அளவும் வேறு, வேளையும் வேறு. பாதை அடைபட்டிருந்தால், இரத்தத்தில் எவ்வளவு கரைந்திருந்தும் தேவையான இடத்தை அது போதிய அளவு சென்றடையாது. பாதை திறக்கும் வேளையில் கிடைத்தால் அதுவே உதவியாகலாம். ஆனால் அளவு மிஞ்சினால், பிராணவாயுவிலிருந்து தோன்றும் வேகமிக்க மூலக்கூறுகள் அணுக்களையே தாக்கக்கூடும். ஆகவேதான் இரத்தத்தில் பிராணவாயு குறையாத எல்லாப் பக்கவாத நோயாளிகளுக்கும் அதைக் கொடுப்பது வழக்கமில்லை. சீன ஆய்வின் முடிவும் பிற நாடுகளில் சோதிக்கப்பட வேண்டும்.

வீட்டில் ஒருவருக்கு வாய் கோணினால் பிராணவாயு உருளையைத் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். முதலில் பாதை திறக்க வேண்டும். அதைச் செய்ய வல்ல மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள்.