தூண்டிலுக்கு எந்த இரை?

மழை பெய்து ஓய்ந்து, வண்டியூர், மாடக்குளம் போன்ற மதுரைக் கண்மாய்களில் தண்ணீர் நிற்கும்போது, கரையில் சிலர் தூண்டில் போட்டு அமர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் முள்ளில் மண்புழுவைக் கோக்கிறார். அடுத்தவர் மாவு உருண்டையைப் பொருத்துகிறார். மூன்றாமவரோ தவளையைக் கட்டி நீர்ப்பரப்பில் இழுக்கிறார். கண்மாய் ஒன்றுதான், இரை மட்டும் ஏன் வேறு வேறு?

ஒவ்வொரு வகை மீனும் தன் உணவை ஒவ்வொரு விதமாகக் கண்டுபிடிக்கிறது. அதற்கு ஏற்றபடிதான் இரையும் அமைய வேண்டும்.

கெளுத்தியை எடுத்துக்கொள்வோம். இது பெரும்பாலும் இரவில், நீரின் அடியில் இரை தேடும். கலங்கிய நீரில் கண்ணால் என்ன பயன்? ஆனால் அதன் வாயைச் சுற்றியுள்ள மீசைகளில் சுவை அரும்புகள் நிறைந்துள்ளன. நமக்கு நாக்கு எப்படியோ, கெளுத்திக்கு மீசை அப்படி! முள்ளில் குத்திய மண்புழுவின் சாறு நீரில் கரைந்து பரவும். அந்த மணத்தையும் சுவையையும் தொடர்ந்து கெளுத்தி வந்துவிடும்.

விரால் அப்படியல்ல. அது பதுங்கிப் பாயும் வேட்டைக்காரன். கண்ணோடு, உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு என்ற உணர்வு உறுப்பும் அதற்கு உதவுகிறது. நீரில் எழும் சிறு அதிர்வையும் பக்கக்கோடு உணர்ந்துவிடும். மணமோ சுவையோ இல்லாத ரப்பர் தவளையை இழுத்தாலும் விரால் கவ்வுவது இதனால்தான்.

கெண்டை இனங்களுக்குத் தாடையில் பல் கிடையாது, தொண்டையில்தான் உண்டு. மென்மையான உணவை உறிஞ்சி, சுவை பார்த்து, பிடிக்காததைத் துப்பிவிடும். எனவே அதற்குப் பிசைந்த மாவு பொருத்தமான இரை.

இதை நீங்களே சோதிக்கலாம். பள்ளியில் மீன்தொட்டி இருந்தால், ஒரு மண்புழுவைச் சிறு கண்ணாடிக் குப்பியில் இட்டு, இறுக மூடித் தொட்டிக்குள் வையுங்கள். மறுநாள், மண்புழு ஊறிய நீரில் சில சொட்டுகள் மட்டும் விடுங்கள். எந்த மீன் எதை நாடி வருகிறது என்று குறித்து வையுங்கள். கெளுத்தியைக் கையால் பிடிக்காதீர்கள். துடுப்பு முள் குத்தினால் கடுக்கும்!

ஒன்றை மறவாதீர்கள். மழைக்காலத்தில், நீர்ப்பரப்பில் செந்நிறக் குஞ்சுகள் திரளாக மிதக்கக் காணலாம். அவை விரால் குஞ்சுகள். அடியில் பெற்றோர் காவல் இருக்கும். அங்கே தவளையை ஆட்டினால், பசி இல்லாவிட்டாலும், குஞ்சுகளைக் காக்கவே விரால் பாய்ந்து கவ்வும். காவல் போனபின் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். ஒரு மீனைப் பிடிக்க, நூற்றுக்கணக்கான குஞ்சுகளைப் பலி கொடுக்கலாமா?

எந்த மீனுக்கு எந்த இரை என்பதோடு, எப்போது தூண்டில் போடக் கூடாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?