குறைந்த செலவில் ஒரு பாலர் வகுப்பு

பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்புத் தொடங்குவோம் என்றால், “காசுக்கு எங்கே போவது?” என்பதே பெற்றோரின் முதற் கேள்வி. நியாயமான கேள்விதான். எங்களைப் போல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்தோரின் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தாய்மொழி வகுப்பு நடத்த வேண்டிய கடமை, டெனிஷ் கொம்யூன்களுக்கு 2002 இல் நீக்கப்பட்டது. ஆகவே பாரம் எங்கள் தோளில்தான். ஆனாலும் பாலர் வகுப்புக்குப் பெருந்தொகை தேவையில்லை.

1943 இல், ஜேர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில், கொப்பன்ஹேகன் எம்ட்ரூப் பகுதியில் பலகைத் துண்டுகளையும் கழிவுப் பொருட்களையும் கொண்டே சிறுவர்க்கு ஒரு விளையாட்டிடம் திறந்தார்கள். யோசனை சோரன்சன் என்ற தோட்ட வடிவமைப்பாளருடையது. பிள்ளைகள் தாங்களே வீடு கட்டி விளையாடினார்கள். இம்முறை பின்னர் இங்கிலாந்துக்கும் பரவியது.

எங்கள் திண்ணைப் பள்ளிகளில் மணல்தான் கொப்பி. சென்னையில் உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்ட அன்ட்ரூ பெல், தன் அநாதைப் பள்ளியிலும் அதைக் கைக்கொண்டு, 1797 இல் நூலாக எழுதினார்.

பிரெடெரிசியாவில் எங்களால் முடியாதா? தட்டில் ரவையைப் பரப்பினால் ‘அ’ எழுதலாம். நான் வேலை செய்வது போன்ற தொழிற்சாலைகளில் மிஞ்சும் காட்போட் பெட்டி கடையாகும், வீடாகும். கோட்டை மேட்டில் பொறுக்கும் கூழாங்கற்கள் எண்ணப் பழக்கும். வாயில் போடும் வயதுப் பிள்ளைகளிடம் மட்டும் சிறு பொருட்களைக் கொடுக்காதீர்கள்.

கடையில் வாங்க முடியாதது ஒன்றுண்டு: பிள்ளையோடு தமிழில் கதைக்கும் பெரியவர். பத்துக் குடும்பங்கள் முறை வைத்தால், ஒரு குடும்பத்துக்குப் பத்துக் கிழமைக்கு ஒரு சனிக்கிழமைதான் வரும். இரவு வேலை செய்பவருக்கும் அது முடியும்.