கரையேறியவர்கள் – 6: தேன்மெழுகு ஏற்றிய கப்பல்

சென்ற வாரம் நாம் கண்ட அகஸ்தீன், பல மதங்களின் வாயில்களைத் தட்டி, பல ஆசிரியர்களின் சொற்களில் மயங்கித் தெளிந்து, தோட்டத்து மரத்தடியில் கண்ணீர் பெருக்கிய பிறகே கிறிஸ்து மார்க்கத்தை அடைந்தவர். இந்த வாரம் வருகிற ஆங்கிலேயரோ எதையும் தேடாதவர்.

லூக்காவின் சுவிசேஷம் 15ஆம் அதிகாரத்தில், காணாமற்போன நூற்றிலொரு ஆடு, பத்திலொரு வெள்ளிக்காசு, இருவரில் ஒரு குமாரன் என மூன்று கதைகள் அடுத்தடுத்து வருகின்றன. குமாரனுக்குப் பன்றிகளின் நடுவே புத்தி தெளிகிறது; ஆடு கத்தவாவது கத்தும்; காசுக்கோ தான் தொலைந்திருப்பதே தெரியாது. நம் பிரசங்கிமார் கெட்ட குமாரனைப் பற்றி மணிக்கணக்கில் பேசிவிட்டுக் காசை இரண்டு வாக்கியங்களில் கடந்துபோகிறார்கள். ஆயினும், இரட்சிப்பு என்பது தேடப்படுகிறவனின் யோக்கியதையால் வருவதன்று, தேடுகிற தேவனின் தயவால் வருவது என்ற விசுவாசம், விளக்கேற்றி வீட்டைப் பெருக்கும் அந்த ஸ்திரீயின் கதையில்தான் கலப்பற்று நிற்கிறது என்பது என் அபிப்பிராயம். ஜான் நியூட்டன் அத்தகைய காசு.

1725இல் லண்டனில் பிறந்து, ஏழு வயது நிறையுமுன் பக்தியுள்ள தாயை இழந்து, 1744இல் போர்க்கப்பலுக்குப் பலவந்தமாகப் பிடித்துச் செல்லப்பட்டு, தப்பியோட முயன்று கசையடி பட்ட அந்த வாலிபன், முடிவில் சியரா லியோன் கரையோரத் தீவொன்றில் ஓர் அடிமை வியாபாரியிடம் வேலைக்காரனாகச் சேர்ந்தான். அங்கே ஜுரத்தில் கிடந்தபோது எஜமானன் வீட்டில் அவனுக்குக் கிடைத்தது எச்சில் சோறு. அதுவும் கிடைக்காத நாட்களில், விலங்கிடப்பட்டிருந்த அடிமைகளே தங்கள் சொற்ப உணவில் ஒரு பங்கை இரகசியமாகக் கொடுத்தார்கள். இதை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

அவனைத் தேடும்படி தந்தையின் வேண்டுகோளைப் பெற்று வந்திருந்த ‘கிரேஹவுண்ட்’ என்ற கப்பல் 1747இல் அக்கரையோரம் சென்றபோது, கரையில் இருந்த கூட்டாளி ஒருவன் வியாபாரத்துக்காகப் புகை எழுப்பி அதை நிறுத்தினான். நியூட்டனோ அதற்குள் வேறு எஜமானனிடம் சேர்ந்து சௌக்கியமாக இருந்தமையால், ஊர் திரும்ப விருப்பமற்றிருந்தான். இங்கிலாந்தில் ஒருவர் இறந்து, வருஷத்துக்கு 400 பவுன் வருமானத்தை அவனுக்கு விட்டுச் சென்றிருப்பதாகக் கப்பல் தலைவர் ஒரு கதை கட்டினார். தான் காதலித்த மேரியை மணக்கலாம் என்ற ஆசையில் அவன் ஏறினான். தேவகிருபை ஒரு பொய்யின் மேலும் ஏறி வரும் என்பதை வேத பண்டிதர்கள் எப்படிச் சமாதானப்படுத்துவார்களோ!

1748 மார்ச் 10, இக்காலக் கணக்கின்படி 21, அதிகாலையில் வட அட்லாண்டிக்கில் பேரலை ஒன்று கப்பலின் பக்கத்தை உடைத்தது. தூக்கத்திலிருந்து எழுந்து ஏணியேறிய நியூட்டனை, கத்தி ஒன்று எடுத்து வா என்று தலைவர் திருப்பி அனுப்ப, அவனுக்குப் பதில் மேலே சென்றவனை அந்தக் கணமே கடல் வாரிக்கொண்டு போயிற்று. துணிகளையும் படுக்கைகளையும் ஓட்டைகளில் திணித்துப் பலகை அடித்தார்கள். பம்புகளை விடாமல் இயக்கினார்கள். கப்பல் மூழ்காததற்குக் காரணம் சரக்கு: தண்ணீரைவிட இலேசான தேன்மெழுகும் மரமும் அதில் ஏராளமாக இருந்தன. வேலையின் நடுவே, இதுவும் பலிக்காவிட்டால் கர்த்தர்தான் இரங்கவேண்டும் என்று வாய்தவறி வந்த தன் சொல்லைத் தானே கேட்டு, எனக்கு என்ன இரக்கம் இருக்க முடியும் என்று அவன் திடுக்கிட்டான். அதன்பின் நடுப்பகலிலிருந்து நள்ளிரவுவரை சுக்கானைப் பிடித்து நின்றபோது, தாய் கற்பித்த வசனங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பல நாட்கள் கழித்து, கடைசி உணவு பானையில் கொதித்துக்கொண்டிருக்கையில், அவர்கள் அயர்லாந்தின் வடகரையை அடைந்தார்கள்.

பக்தி நூல்கள் இங்கே முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, அவர் பாதிரியாராகி 1773 புத்தாண்டு ஆராதனைக்கு இயற்றிய ‘அமேசிங் கிரேஸ்’ கீர்த்தனைக்குத் தாவிவிடுகின்றன. இடையில் நடந்ததோ வேறு. 1750 முதல் 1754 வரை மூன்று பிரயாணங்களில் அவர் அடிமைக் கப்பல்களுக்குத் தலைவராயிருந்தார். மேல்தட்டில் மாலுமிகளைக் கூட்டி ஜெபம் நடத்திய அதே மனிதர், கலகத்துக்குச் சதி செய்ததாகச் சந்தேகித்த சிறுவர்களைக் கட்டைவிரல் நெரிக்கும் திருகில் மாட்டியதைத் தம் குறிப்பேட்டில் சலனமின்றி எழுதினார். அத்தொழிலை விட்டதற்கும் உடனடிக் காரணம் திடீரென வந்த வலிப்பு நோயேயன்றி மனச்சாட்சியன்று. அதைக் கண்டித்து அவர் நூல் வெளியிட்டது 1788இல், 34 வருஷங்கள் கழித்து. இந்தத் தாமதத்தைக் காட்டி அவருடைய இரட்சிப்பே வேஷம் என்பாருண்டு. நான் அப்படிச் சொல்லத் துணியேன். நல்லவனான பிறகே மீட்கப்படுவான் என்று அந்த விசுவாசம் சொன்னதே இல்லை. மீட்கப்பட்டவன் நல்லவனாக எத்தனை காலம் பிடிக்கும், அதுவரை அவன் கப்பலில் கிடப்பவர்களின் கதி என்ன என்பதே நியூட்டனின் வாழ்க்கை எழுப்பும் கேள்வி. அக்கேள்விக்கு எந்த வேதசாஸ்திரியும் எனக்குத் திருப்தியான விடை தந்ததில்லை.

முதிய நியூட்டன் தம் குற்றத்தை மறைக்கவில்லை. பார்லிமெண்டுக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். பின்னாளில் அடிமை வாணிபத்தை எதிர்த்துப் பார்லிமெண்டில் போராடிய, ஆனால் அப்போது ஊழியத்துக்காக அரசியலைத் துறக்க எண்ணிய வில்பர்ஃபோர்ஸை அங்கேயே இருந்து சேவை செய்யும்படி தூண்டினார். அடிமை வாணிபத்தை ஒழிக்கும் சட்டம் நிறைவேறிய 1807இலேயே, டிசம்பர் மாதத்தில் காலமானார். தம் கல்லறைக்கு அவரே எழுதி வைத்த வாசகம், அவநம்பிக்கையும் துன்மார்க்கமும் கொண்டிருந்த தாம், ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கு ஊழியனாயிருந்த தாம், காக்கப்பட்டு மன்னிக்கப்பட்டதைச் சொல்கிறது. அடிமைக் கப்பல்களுக்குத் தலைவனாயிருந்ததை அது சொல்லவில்லை.

(தொடரும்)