காகிதக் கட்டின் இடத்தைப் பிடித்த கண்ணாடிப் பலகை

டேப்லெட் என்பது திரையே உடலாக அமைந்த கணினி. தனியாக விசைப்பலகை கிடையாது. விரலோ எழுதுகோலோ திரையைத் தொட்டால் வேலை நடக்கும். பெரும்பாலான டேப்லெட்டுகளின் திரை மூலைக்கு மூலை 7 முதல் 13 அங்குலம் வரை இருக்கும். எடை அரைக் கிலோவை ஒட்டி அமையும். ஒரு கையில் ஏந்தலாம், மடியில் சாய்க்கலாம், நின்றுகொண்டே இயக்கலாம். செல்போனைவிடப் பெரிய திரை, மடிக்கணினியைவிடக் குறைந்த சுமை என்ற நடுத்தர அளவுதான் அதன் பலம், பலவீனமும் அதுவே. செல்போனும் மடிக்கணினியும் வைத்திருப்பவருக்கு மூன்றாவதாக ஒன்று எதற்கு என்ற கேள்வி தொடக்கம் முதலே இருந்துவருகிறது. டேப்லெட் எங்கெங்கே நிலைத்தது என்று பார்த்தால் விடை கிடைக்கும். மேசையில் இருந்த கணினியை அது அகற்றவில்லை. காகிதக் கட்டுகள் இருந்த இடங்களைத்தான் பிடித்துக்கொண்டது.

நீண்டநாள் கனவு

நோட்டுப் புத்தக அளவில் ஒரு கணினி வேண்டும், குழந்தைகள் அதில் படிக்கவும் எழுதவும் வரையவும் வேண்டும் என்று அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஆலன் கே 1972-இல் ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் கற்பனைக் கருவிக்கு அவர் வைத்த பெயர் டைனாபுக். அதைச் செய்துகாட்டும் தொழில்நுட்பம் அன்று இல்லை. 1989-இல் வந்த கிரிட்பேட், எழுதுகோலால் இயங்கியது. கிடங்குகளில் சரக்கைக் கணக்கெடுப்பது போன்ற வேலைகளுக்கு நிறுவனங்கள் வாங்கின. 1993-இல் ஆப்பிள் வெளியிட்ட நியூட்டன், கையெழுத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதால் கேலிக்கு உள்ளாகி 1998-இல் நிறுத்தப்பட்டது. இன்னும் ஐந்தே ஆண்டுகளில் அமெரிக்காவில் அதிகம் விற்கும் கணினி வகை டேப்லெட்டாகவே இருக்கும் என்று 2001-இல் மைக்ரோசாஃப்ட்டின் பில் கேட்ஸ் கணித்தார். அது பலிக்கவில்லை. மவுஸுக்காக எழுதப்பட்ட விண்டோஸ் மென்பொருளை, கனமும் விலையும் கூடிய கருவியில் எழுதுகோலால் இயக்கவேண்டியிருந்ததே தோல்விக்கு முக்கியக் காரணம்.

2010 ஏப்ரலில் விற்பனைக்கு வந்த ஆப்பிளின் ஐபேட் அந்தத் தடையைத் தாண்டியது. விரலுக்கென்றே வடிவமைத்த மென்பொருள், 9.7 அங்குலத் திரை, சுமார் 680 கிராம் எடை, பத்து மணிநேரம் தாங்கும் பேட்டரி, 499 டாலர் தொடக்க விலை ஆகியவை ஒன்றுசேர்ந்தன. 28 நாட்களில் 10 லட்சம் விற்றது. அதே ஆண்டில் சாம்சங் 7 அங்குல கேலக்ஸி டேப்பைக் கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் பெருகின. உலக விற்பனை 2014-இல் உச்சத்தைத் தொட்டுப் பிறகு இறங்கியது. செல்போன் திரைகள் பெரிதானதும், வாங்கிய டேப்லெட்டை மக்கள் பல ஆண்டுகள் மாற்றாமல் வைத்துக்கொண்டதும் இதற்குக் காரணங்கள். கொரோனா ஊரடங்கில் வீடே பள்ளியானபோது விற்பனை மீண்டும் ஏறியது.

தொடுதலின் நுட்பம்

இன்றைய டேப்லெட் திரைக் கண்ணாடிக்கு அடியில், மின்சாரம் கடத்தும் மிக மெல்லிய கோடுகள் கட்டம் கட்டமாக ஓடுகின்றன. ஒளி ஊடுருவக்கூடிய இண்டியம் டின் ஆக்சைடு போன்ற பொருளால் ஆனவை என்பதால் அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. மனித உடலும் மின்சாரம் கடத்துவதால், விரல் நெருங்கும் இடத்தில் கட்டத்தின் மின்தேக்கு அளவு மாறுகிறது. அந்த மாற்றத்தை வைத்து விரல் இருக்கும் புள்ளியைக் கருவி கணக்கிடுகிறது. பல விரல்களை ஒரே சமயத்தில் அறிய முடிவதால்தான் இரு விரலால் படத்தைப் பெரிதாக்க முடிகிறது. தண்ணீரும் மின்சாரம் கடத்துவதால் ஈரக் கை பட்டால் திரை தடுமாறுகிறது. சமையலறையில் டேப்லெட் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை.

பழைய, மலிவான திரைகள் வேறு வகை. இரண்டு மெல்லிய படலங்கள் அழுத்தத்தால் ஒன்றையொன்று தொடும்போதுதான் அவை வேலை செய்யும். லேசாகத் தொட்டால் போதாது, அழுத்த வேண்டும்.

வீட்டுப் பயன்பாடு

செல்போன் ஒருவருக்கே உரியது; டேப்லெட் பெரும்பாலும் குடும்பத்துக்குப் பொது. காலையில் தாத்தா அதில் நாளிதழ் படிப்பார். மதியம் சமையல் காணொளி ஓடும். மாலையில் பிள்ளைகள் பாடமோ கார்ட்டூனோ பார்ப்பார்கள். இரவில் வெளிநாட்டில் இருக்கும் மகனோடு வீட்டார் அனைவரும் ஒரே திரையின் முன் அமர்ந்து பேசுவார்கள். நாலு பேர் சேர்ந்து பார்க்கும் அளவுக்குத் திரை பெரிது. அறைக்கு அறை தூக்கிச் செல்லும் அளவுக்குக் கருவி சிறிது.

தமிழ் வாசகருக்கு இதில் தனிப் பயன் ஒன்று உண்டு. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களை மின்னுரையாக்கி இலவசமாக அளிக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், ஈழத்து ஆவணங்களைத் திரட்டும் நூலகம் தளமும் பழைய நூல்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் பிடிஎஃப் கோப்புகளாகத் தருகின்றன. அப்படிப் படமெடுத்த பக்கத்தில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடிந்து அமையாது. செல்போனில் படித்தால் ஒவ்வொரு வரிக்கும் திரையை இடமும் வலமும் இழுக்க வேண்டும். 10 அங்குல டேப்லெட்டில் முழுப் பக்கமும் ஏறக்குறைய அச்சு அளவிலேயே தெரியும். பழைய நூல்களைத் தேடிப் படிப்பவருக்கு இந்த ஒரு வசதியே போதிய காரணம்.

நின்றபடி செய்யும் வேலைகள்

மேசை இல்லாத பணியிடங்களில் டேப்லெட் வேரூன்றியது. விமான ஓட்டிகள் வரைபடங்களும் கையேடுகளும் அடங்கிய, சுமார் 16 கிலோ எடையுள்ள பையைச் சுமப்பது வழக்கமாக இருந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2013-இல் அதை ஐபேடுக்கு மாற்றி முடித்தது. சுமை குறைந்ததால் ஆண்டுக்குக் குறைந்தது 4 லட்சம் கேலன் எரிபொருள் மிச்சமாகும் என்று அந்நிறுவனம் கணக்கிட்டது. எரிபொருளைவிடப் பெரிய லாபம், வரைபடத் திருத்தம். முன்பு புதிய தாள்களை ஒவ்வொன்றாகப் பழைய கட்டில் செருக வேண்டும். இப்போது பதிவிறக்கினால் முடிந்தது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாற்றம் இன்னும் ஆழமானது. கென்யா 2019-லும் கானா 2021-லும் டேப்லெட் கொண்டு கணக்கெடுத்தன. காகிதப் படிவத்தில், குழந்தை இல்லை என்றால் அடுத்த ஐந்து கேள்விகளை விடுக என்ற குறிப்பைக் கணக்கெடுப்பவரே கவனிக்க வேண்டும். டேப்லெட்டில் தேவையற்ற கேள்வி தோன்றாது. தாயின் வயதைவிட மகளின் வயது அதிகமாகப் பதிவானால் கருவி அங்கேயே தடுத்துக் கேட்கும். படிவங்களை மூட்டை கட்டித் தலைநகருக்கு அனுப்பி, மீண்டும் கணினியில் ஏற்றும் வேலை ஒழிகிறது.

ஜப்பானிய உணவகங்களில் மேசைக்கு ஒரு டேப்லெட் இருப்பது சாதாரணக் காட்சி. படத்தைத் தொட்டால் ஆர்டர் சமையலறைக்குப் போய்விடும். ஆள் பற்றாக்குறை உள்ள நாட்டில் அது பரிமாறுபவரின் வேலையில் ஒரு பகுதியைக் குறைக்கிறது. பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு 2012-இல் காகித இசைக்குறிப்புகளுக்குப் பதில் டேப்லெட்டுகளை வைத்து வாசித்தது. சென்னை சபாக்களிலும் பாடகருக்கு முன்னால் ஒரு டேப்லெட் இருப்பது இன்று புதிதல்ல; மனப்பாடமாகப் பாட வேண்டியதைப் பார்த்துப் பாடலாமா என்ற விவாதமும் கூடவே நடக்கிறது. இந்தியாவின் மத்திய பட்ஜெட் உரையை நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2021 பிப்ரவரி 1 அன்று டேப்லெட்டைப் பார்த்துத்தான் வாசித்தார்.

வரைவதும் பேசுவதும்

எழுதுகோல் திருந்திய பிறகு டேப்லெட் ஓவியருக்கும் கருவியாயிற்று. அழுத்தம் கூடினால் கோடு தடிக்கும், சாய்த்தால் நிழல் படரும் என்ற அளவுக்கு இன்றைய எழுதுகோல்கள் நுட்பமானவை. சாம்சங்கின் எஸ் பென் வரைவதற்குப் பேட்டரி தேவைப்படுவதில்லை. திரைக்கு அடியில் உள்ள மின்காந்தப் புலத்திலிருந்தே அது ஆற்றல் பெறுகிறது. பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி 70 வயதைக் கடந்தபின் ஐபேடில் வரையத் தொடங்கினார். அவருடைய இங்கிலாந்து வசந்தகால நிலக்காட்சிகள் பெரிய அளவில் அச்சாகி 2012-இல் லண்டன் ராயல் அகாடமியில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

பேச முடியாதவர்களுக்கு டேப்லெட் குரலாகவும் உதவுகிறது. ஆட்டிசம், பெருமூளை வாதம் போன்றவற்றால் பேச்சு வராத குழந்தைகளுக்குப் பட அட்டைகளைக் காட்டிப் பழக்குவது பழைய முறை. சென்னையில் அஜித் நாராயணன் தொடங்கிய நிறுவனம் உருவாக்கிய ஆவாஸ் செயலி அந்த அட்டைகளைத் திரைக்குக் கொண்டுவந்தது. குழந்தை படங்களை வரிசையாகத் தொட்டால் கருவி அதை வாக்கியமாகப் பேசும். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் அது இயங்குகிறது. இதற்கென்றே தனியாகச் செய்யப்பட்ட கருவிகள் முன்பு மேலைநாடுகளில் ஆயிரக்கணக்கான டாலர் விலையில் விற்றன. சாதாரண டேப்லெட்டில் ஒரு செயலியாக அது வந்தது பல குடும்பங்களுக்குப் பெரிய மாற்றம்.

வகுப்பறையில் கிடைத்த பாடம்

பாடப்புத்தகத்தின் இடத்தைப் பிடிப்பதில் மட்டும் டேப்லெட் தடுமாறியது. இந்தியா 2011 அக்டோபரில் மாணவர்களுக்கென மலிவு விலை ஆகாஷ் டேப்லெட்டை அறிமுகப்படுத்தியது. அழுத்தினால்தான் வேலை செய்யும் திரையும் வேகம் குறைந்த நுண்செயலியும் முதல் பதிப்பைக் கெடுத்தன. அடுத்த பதிப்பு மேம்பட்டும் திட்டம் எதிர்பார்த்த பரப்பை எட்டவில்லை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம் மாணவர் அனைவருக்கும் ஐபேட் தர 2013-இல் தொடங்கிய திட்டத்தின் உத்தேசச் செலவு 100 கோடி டாலரைத் தாண்டியது. சில நாட்களிலேயே மாணவர்கள் இணையத் தடைகளை நீக்கிவிட்டார்கள். பாட மென்பொருளும் முழுமையாக வந்துசேரவில்லை. 2014-இல் ஒப்பந்தம் கைவிடப்பட்டது.

இந்திய மாநிலங்கள் இருவேறு வழிகளில் போகின்றன. ஹரியானா 2022-இல் 10 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளி மாணவர்களுக்கு டேப்லெட் வழங்கத் தொடங்கியது. தமிழ்நாடு 2024-இல் அரசு தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களின் கையில் அதைக் கொடுத்தது. கற்பிக்கும் முறையும் பழுது நீக்கும் ஏற்பாடும் இல்லாமல் கருவியை மட்டும் வழங்கினால் பலன் கிடைக்காது என்பதே இதுவரையிலான அனுபவம்.

வாசிப்பு ஆய்வுகளும் எச்சரிக்கை தருகின்றன. 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான அலசல், தகவல் நூல்களைக் காகிதத்தில் படித்தவர்கள் திரையில் படித்தவர்களைவிடச் சற்று நன்றாகப் புரிந்துகொண்டதாகக் கண்டது. நேரக் கட்டுப்பாடு இருந்தபோது அந்த இடைவெளி கூடியது. வகுப்பறையில் திரைகளை வெகுவாகப் பரப்பியிருந்த ஸ்வீடன், 2023-இல் அச்சுப் பாடநூல்களுக்கென மீண்டும் தனி நிதி ஒதுக்கியது.

முதியோர் விஷயத்தில் நிலைமை வேறு. உருகுவே அரசு 2015-இல் தொடங்கிய இபிராபிட்டா திட்டம், குறைந்த ஓய்வூதியம் பெறுவோருக்கு டேப்லெட் வழங்கியது. கூடவே பயிற்சியும் அளித்தது. பெரிய எழுத்து, பெரிய பொத்தான், எளிய முகப்பு ஆகியவை மங்கிய பார்வைக்கும் நடுங்கும் விரலுக்கும் ஏற்றவை.

உடலும் கண்ணும் தூக்கமும்

டேப்லெட்டை மடியில் வைத்துக் குனிந்து பார்த்தால் தலையின் பாரம் கழுத்துத் தசைகளில் விழும். தாங்கியில் நிமிர்த்தி வைத்தால் சுமை குறையும். படுக்கும் முன் நான்கு மணிநேரம் முழு வெளிச்சத்தில் ஐபேடில் படித்தவர்களுக்கும் அச்சுப் புத்தகம் படித்தவர்களுக்கும் இடையிலான வேறுபாட்டை 2014-இல் வெளியான பாஸ்டன் ஆய்வு அளந்தது. திரையில் படித்தவர்களின் உடலில் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பு குறைந்தது, தூக்கம் தாமதமானது. பங்கேற்றவர்கள் 12 பேரே என்றாலும், இரவில் வெளிச்சத்தைக் குறைப்பது நல்லது என்பதற்கு அது ஒரு சான்று. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணிநேரத்துக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன வழிகாட்டுதல். ஒரு வயதுக் குழந்தைக்குச் சோறூட்டும்போது டேப்லெட்டைக் காட்டும் வழக்கத்துக்கு அதில் இடமில்லை.

வாங்கும் முன்

படிக்கவும் படம் பார்க்கவும் 10 அங்குலம் பொருத்தம். பையில் கொண்டுசெல்ல 8 அங்குலம் போதும். வீட்டிலேயே பயன்படும் டேப்லெட்டுக்கு வைஃபை மட்டும் இருந்தால் போதும். சிம் வசதிக்குக் கூடுதல் விலை தரத் தேவையில்லை. வரைவதற்கு என்றால் எழுதுகோலின் விலையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பல சமயம் பேட்டரிக்கு முன்பே மென்பொருள் முதுமை அடைகிறது என்பதால், எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவார்கள் என்று கேட்டறிவது அவசியம். புதுப்பிப்பு நின்ற கருவியில் வங்கிச் செயலிகளைத் தவிர்த்து, வாசிப்புக்கும் இசைக்கும் பயன்படுத்தலாம். பழுதானதைக் குப்பையில் எறியாமல் மின்கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்க வேண்டும். லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கலாம்.

நிறைய எழுதுபவருக்கும் கணக்குப் பார்ப்பவருக்கும் இன்றும் மடிக்கணினியே ஏற்றது. பார்ப்பது, படிப்பது, வரைவது, பிறருக்குக் காட்டுவது, நின்றபடி பதிவுசெய்வது ஆகிய ஐந்தில் ஒன்றாவது அன்றாடத் தேவையாக இருந்தால் டேப்லெட் தன் விலைக்கு உழைக்கும். இல்லையென்றால் கையில் இருக்கும் செல்போனே போதும்.