பாம்பு வந்தது சரி, பயந்தீர்களா?

கனவில் பாம்பு கடித்தால் பிடித்த சனி விலகும். பல் விழுந்தால் கெட்ட சேதி வரும். கல்யாணக் கனவு ஆகாது. தானே செத்துப்போனதாகக் கண்டால் ஆயுசு கெட்டி. வீட்டுப் பெரியவர்கள் சொல்லியும் கனவுப் பலன் புத்தகங்களைப் புரட்டியும் நமக்குப் பழகிப்போன பட்டியல் இது. பாம்பு என்ன நிறம், கடித்ததா, துரத்தியதா என்றெல்லாம் விசாரிக்கும் இந்தப் புத்தகங்கள், அதைப் பார்த்தவர் பயந்தாரா என்று மட்டும் கேட்பதில்லை.

எழுபது ஆண்டுகளாக ஆய்வுக்கூடங்களில் தெரிய வந்திருப்பதை வைத்துப் பார்த்தால், கேட்க வேண்டிய கேள்வி அதுதான். கனவில் என்ன வந்தது என்பதைவிட, அது வந்தபோது மனசு எப்படி இருந்தது என்பதே விஷயம்.

1951-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர், ஓரமாகக் கிடந்த பழைய மூளையலைக் கருவி ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார். தன் எட்டு வயது மகனைத் தூங்கவைத்து, அவன் கண்களைச் சுற்றி மின்முனைகளை ஒட்டினார். பையன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும்போதே தாளில் ஓடிய முள் துள்ளத் தொடங்கியது. மூடிய இமைகளுக்குள் விழிகள் அங்குமிங்கும் ஓடின. கருவிதான் கெட்டுவிட்டது என்று முதலில் சந்தேகப்பட்டார். பிறகு பெரியவர்களையும் படுக்கவைத்து, முள் துள்ளும் நேரம் பார்த்து எழுப்பினார். பெரும்பாலும் அவர்கள் ஒரு கனவின் நடுவில் இருந்தார்கள். அவரும் அவருடைய பேராசிரியர் நத்தானியேல் கிளைட்மனும் 1953-இல் 'சயன்ஸ்' இதழில் இதை வெளியிட்டார்கள். இன்று 'ரெம்' தூக்கம் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். மற்ற தூக்கத்திலும் கனவு உண்டு. ஆனால் நீளமாக, நிறமாக, நெஞ்சு படபடக்க வருகிறவை அதிகமும் ரெம் நேரத்துக் கனவுகளே.

சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு முறை இந்தத் தூக்கம் வந்துபோகிறது. முதல் சுற்றில் பத்து நிமிடம்கூட இருக்காது. இரவு தேயத் தேய நீண்டு, விடிகாலையில் அரை மணி நேரத்தைத் தொடும். கனவு முடிகிற இடத்திலேயே விழிப்பும் வந்துவிடுவதால் அது நினைவில் நிற்கிறது. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்ற நம்பிக்கைக்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பது என் ஊகம். நள்ளிரவில் கண்டதெல்லாம் மறந்துபோயிருக்க, பலிப்பதற்கு வேறு கனவு ஏது?

ரெம் நேரத்தில் தலைக்குள் என்ன நடக்கிறது என்பது 1990-களில் மூளைப் படங்கள் வந்த பிறகே தெரிந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் மாக்கேவின் குழு 1996-இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. ரெம் தூக்கத்தில் அமிக்டலா சுறுசுறுப்பாக இயங்குகிறது. பயத்துக்கும் பதற்றத்துக்கும் பொறுப்பான, வாதுமைப் பருப்பளவு பகுதி அது. அதே நேரத்தில் நெற்றிக்குப் பின்னால், நியாயம் பார்த்து, 'இது எப்படி நடக்கும்?' என்று குறுக்குக் கேள்வி கேட்கும் பகுதி அடங்கிக் கிடக்கிறது. இருபது வருடத்துக்கு முன் இறந்த தாத்தா கூடத்தில் உட்கார்ந்து காபி கேட்கிறார். நாமும் ஆச்சரியப்படாமல் டம்ளரை நீட்டுகிறோம். ஆச்சரியப்பட வேண்டியவர் அப்போது பணியில் இல்லை. ஆனால் தாத்தாவைப் பார்த்த சந்தோஷம் அசல். விழித்த பிறகும் தலையணையில் மிச்சமிருக்கும் ஈரமும் அசல்.

பாஸ்டனில் பணியாற்றிய மனநல மருத்துவர் எர்னஸ்ட் ஹார்ட்மன் ஒரு விநோதத்தைக் கவனித்தார். தீ விபத்தில் தப்பியவர்களும் வன்முறைக்கு ஆளானவர்களும், பேரலை ஒன்று தங்களை அடித்துக்கொண்டு போவதாகக் கனவு கண்டார்கள். அவர்கள் வாழ்க்கையில் அலைக்கு வேலையே இல்லை. 'என்னால் எதுவும் செய்ய முடியவில்லை' என்ற திகில் உள்ளே இருக்கிறது. அதைக் காட்ட மனம் ஒரு படத்தைத் தேடுகிறது. அலை வந்து நிற்கிறது. அலைக்குப் பலன் பார்க்கப் புத்தகத்தைப் புரட்டினால் என்ன கிடைக்கும்? அந்தத் திகிலைக் கேட்டால் ஆளையே தெரிந்துகொள்ளலாம்.

அப்படியானால் கனவு மனசுக்கு ஏதாவது நல்லது செய்கிறதா? இதில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது ராசலிண்ட் கார்ட்ரைட்டின் வேலை. சக ஆய்வாளர்கள் 'கனவுகளின் ராணி' என்று அழைத்த சிகாகோ உளவியலாளர் அவர். விவாகரத்தில் உடைந்து மனச்சோர்வில் விழுந்தவர்களை ஆய்வுக்கூடத்தில் தூங்கவைத்தார். ரெம் நேரத்தில் எழுப்பி, கண்டதைச் சொல்லச் சொன்னார். பிரிந்துபோன கணவனோ மனைவியோ கனவில் வந்து, அழுகையும் கோபமுமாக, பழைய நினைவுகளும் கலந்து கனவு ஓடியவர்கள், சுமார் ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது பெரும்பாலும் தேறியிருந்தார்கள். அந்தப் பிரிவைக் கனவில் தொடாதவர்கள், தொட்டாலும் உணர்ச்சியில்லாமல் கடந்துபோனவர்கள் அந்த அளவுக்குத் தேறவில்லை. 'அவனை நினைத்துக்கூடப் பார்க்காதே, தூங்கு' என்று நம் வீடுகளில் சொல்லும் ஆறுதல் எவ்வளவு தப்பு!

இதற்கு ரசாயனக் காரணம் சொல்கிறவர்கள் உண்டு. பதற்றத்தோடு சேர்ந்து சுரக்கும் நார்அட்ரினலின், ரெம் தூக்கத்தில் மூளைக்குள் அநேகமாக நின்றுபோகிறது. எனவே துன்பமான நினைவு திரும்பி ஓடும்போது, உடம்பை உலுக்கும் அந்தப் பொருள் இல்லாமல் ஓடுகிறது. நினைவு தங்கி, அதன் சூடு மட்டும் குறைகிறது என்பது கலிபோர்னியாவின் மேத்யூ வாக்கர் போன்றவர்களின் வாதம். கவர்ச்சியான வாதம்தான், ஆனால் முடிந்த முடிவல்ல. தூக்கம் கசப்பைக் குறைக்காமல் அப்படியே பத்திரப்படுத்தியதாகச் சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன. ஒரே இரவில் ஆறும் புண்ணும் உண்டு, ஆறாததும் உண்டு.

உடம்பின் பக்கம் ஒரு சங்கதி. கனவில் ஓடுகிறோம், அடிக்கிறோம். படுக்கையில் கைகால் அசைவதில்லை. கண்ணையும் மூச்சுத் தசையையும் விட்டுவிட்டு மற்ற தசைகளுக்கு மூளைத் தண்டு பூட்டுப் போட்டுவிடுகிறது. சில நேரம் மனம் விழித்துவிடும், பூட்டு திறக்காது. நெஞ்சில் ஏறி உட்கார்ந்து குரல்வளையை நெரிப்பதாக நம்மவர்கள் நடுங்கும் அமுக்குவான் பேய் இதுதான். பெரும்பாலும் சில நொடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில் விலகிவிடும். மந்திரிக்கத் தேவையில்லை. இதற்கு நேர்மாறாகப் பூட்டே விழாத நிலையும் உண்டு. 1986-இல் மினியாபொலிஸ் மருத்துவர்கள் கார்லோஸ் ஷெங்க்கும் மார்க் மஹோவால்டும் அதை விவரித்தார்கள். கனவில் திருடனை உதைப்பவர் நிஜமாகவே பக்கத்தில் படுத்திருப்பவரை உதைப்பார். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இது புதிதாகத் தொடங்கினால் சிரித்துவிட்டு விடாதீர்கள். பின்னாளில் பார்க்கின்சன் போன்ற நோய்கள் வருவதற்கான முன்னறிவிப்பாக இது பல நேரம் இருக்கிறது. நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

கனவுகளைச் சேகரித்து எண்ணிப் பார்த்தவர்கள் பலரும் கண்டது ஒன்று: சந்தோஷத்தைவிட அவற்றில் பயமும் கோபமும் துக்கமுமே அதிகம். அது இயல்பு. ஒரே கெட்ட கனவு வாராவாரம் வந்து, தூங்கவே பயமாகிவிட்டால் அது வேறு. அங்கே மனம் தன் வேலையை முடிக்க முடியாமல் ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு எளிய சிகிச்சை ஒன்று இருக்கிறது. கனவை எழுதுங்கள். பிறகு அதை உங்கள் இஷ்டத்துக்கு மாற்றி எழுதுங்கள். பாம்பு கயிறாகலாம், துரத்துகிறவன் வழி கேட்டுவிட்டுப் போகலாம். மாற்றிய கதையைப் பகலில் தினமும் பத்து, இருபது நிமிடம் மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களிடம் பாரி கிராக்கோவின் குழு இந்த முறையைச் சோதித்து 2001-இல் முடிவை வெளியிட்டது. அவர்களுடைய கெட்ட கனவுகள் குறைந்தன, தூக்கமும் மேம்பட்டது.

பெரிய அதிர்ச்சிக்குப் பின் வரும் கனவுகளைத் தனியாகக் கிளற வேண்டாம். மனநல மருத்துவர் ஒருவரின் துணையோடு செய்யுங்கள். வீட்டில் பிள்ளை அலறி எழுந்து கனவைச் சொன்னால், பலன் தேடுவதை விட்டுவிட்டு, 'ரொம்பப் பயந்துட்டியா கண்ணு?' என்று முதலில் கேளுங்கள்.