சுடாத துப்பாக்கியின் கண்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டு நண்பர் ஒரு துணிப்பையோடு வந்தார். மைசூர் சரஸ்வதிபுரத்தில் எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு அது காபி நேரம். எங்கள் வீட்டில் டீ. பையிலிருந்து இரண்டு பொம்மைத் துப்பாக்கிகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று அவர் பள்ளிக்கூடம் போன காலத்து, வாத்து சுடும் டிவி கேமோடு வந்தது. பரணில் கிடந்து சாம்பல் நிறம் மஞ்சளித்துப் போயிருந்தது. இன்னொன்று புதிது, கம்ப்யூட்டரில் செருகுவது.

“சார், பழசுல ஒரு வாத்துகூட விழ மாட்டேங்குது. புதுசு சுடுது. ஆனா நாம ஒரு இடத்தைப் பார்த்தா அது வேற இடத்துல சுடுது.”

கூட வந்திருந்த மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். “துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு தாத்தா. எனக்குத்தான் குறி வரல. அப்பாவுக்கு நடுநடுவுல படுது” என்றாள்.

அவள் சொன்னது மனதில் தைத்தது. தசரா பொருட்காட்சியில் பலூன் சுடும் கடைகள் உண்டு. சின்ன வயதில் அப்படி ஒரு கடையில் குறிமுள் வளைந்த ஏர்கன்னை வாங்கி, பத்துக் குண்டும் வீணாகி, என் கைதான் சரியில்லை என்று நம்பி வீடு திரும்பியவன் நான். கருவி கோணலாக இருந்தால் பழி கைமேல் விழக்கூடாது. கேலிபரேஷன் என்று சொல்கிறார்களே, அந்தக் குறி சரிசெய்யும் வேலையின் நியாயமே அதுதான். டீயை ஊற்றிவிட்டு அவர்களுக்குச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

இந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. குழலின் முனையில் இருப்பது ஒரு கண். அது டிவியைப் பார்க்கிறது. பார்த்ததை வைத்து, குறி எங்கே என்று கருவி கணக்குப் போடுகிறது.

ஆரம்பத்தில் கதை நேர்மாறாக இருந்தது. 1936-ல் அமெரிக்காவின் சீபர்க் நிறுவனம் ரே-ஓ-லைட் என்ற விளையாட்டு இயந்திரத்தைச் செய்தது. அதில் துப்பாக்கி ஒளியை வீசும். ஒளியை உணரும் கண் நகரும் வாத்தின் மேல் இருக்கும். 1970-ல் நிண்டெண்டோ விற்ற ஒளித்துப்பாக்கி பொம்மைகளிலும் கண் இலக்கில்தான் இருந்தது. ஆனால் டிவித் திரைக்குள் பறக்கும் வாத்தின் மேல் எதையும் ஒட்டிவைக்க முடியாதே. அதனால் கண் துப்பாக்கிக்கு இடம் மாறியது. 1984-ல் ஜப்பானில் அதே நிண்டெண்டோவின் ஃபேமிகாம் விளையாட்டுக் கருவிக்கு வந்த துப்பாக்கியும், அடுத்த ஆண்டு ஸாப்பர் என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போன துப்பாக்கியும் அப்படிப்பட்டவை. 1990-களில் நம் ஊர்க் கடைகளில் விற்ற டிவி கேம்களில் பெரும்பாலானவை ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல்கள். நண்பரின் பரண் துப்பாக்கியும் அந்தக் குடும்பம்தான்.

அது எப்படி வேலை செய்கிறது? விசையை இழுத்த நொடியில் திரை முழுவதும் கறுப்பாகும். அடுத்த படத்தில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம் வரும். துப்பாக்கியின் கண்ணுக்கு முதலில் இருட்டும் உடனே வெளிச்சமும் தெரிந்தால் வாத்து விழும். இரண்டு வாத்து இருந்தால் சதுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எந்தச் சதுரத்தின்போது வெளிச்சம் பட்டதோ அந்த வாத்து விழும். இருட்டையும் கேட்பதால், பல்பை நோக்கிப் பிடித்துக்கொண்டு ஏமாற்ற முடியாது. நம் நாட்டுப் பழைய டிவி முறையில் ஒரு படத்துக்கு 20 மில்லி நொடிதான். எல்லாம் கண் சிமிட்டும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

“அப்ப என் வீட்டு 43 இன்ச் டிவியில ஏன் விழல?”

உங்கள் எல்இடி டிவி, வந்த படத்தை உள்ளே வாங்கி, மெருகேற்றி, சில பத்து மில்லி நொடி கழித்துத்தான் காட்டுகிறது. வெள்ளைச் சதுரம் திரைக்கு வரும்போது விளையாட்டுக் கருவி விடையை எதிர்பார்ப்பதை நிறுத்தியிருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. ஸாப்பருக்குள் இருக்கும் மின்சுற்று, பிக்சர் டியூபில் கோடு கோடாகப் படம் வரையப்படும்போது நொடிக்குப் பதினைந்தாயிரம் முறைக்குமேல் உண்டாகும் துடிப்புக்குச் சுருதி சேர்த்தது. எல்இடி திரையில் அந்தத் துடிப்பே கிடையாது. அதனால் பழைய துப்பாக்கிக்குப் பழைய பிக்சர் டியூப் டிவிதான் துணை. அதற்குக் கேலிபரேஷனும் தேவையில்லை. பட்டது, படவில்லை என்ற இரண்டே விடைதான் அதற்குத் தெரியும். டிவியின் பிரைட்னஸையும் கான்ட்ராஸ்டையும் கூட்டி வைத்தால் போதும். ஆனால் பழைய டிவியின் பின்மூடியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைத் தூக்கியடிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.

குறி சரிசெய்யும் தேவை அடுத்த தலைமுறையில்தான் வந்தது. 1997-ல் டைம் கிரைசிஸ் விளையாட்டோடு பிளேஸ்டேஷனுக்கு நாம்கோ கொடுத்த கன்கான் துப்பாக்கி, டிவிக்குப் போகும் மஞ்சள் வயரிலும் ஒரு கிளை எடுத்துக்கொண்டது. பிக்சர் டியூபில் எலெக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக ஒவ்வொரு கோடாக வரைந்துகொண்டு கீழே இறங்கும். கற்றை தன் கண்ணெதிரே கடந்த நொடி எது என்று துப்பாக்கி பார்க்கும். எத்தனையாவது கோடு என்பது உயரத்தைச் சொல்லும். கோட்டில் எவ்வளவு நேரம் கடந்தது என்பது பக்கத்தைச் சொல்லும். நம் முறையில் கண்ணுக்குத் தெரியும் ஒரு கோட்டுக்கு 52 மைக்ரோ நொடி. 21 இன்ச் டிவியில் கணக்குப் போட்டால் ஒரு மைக்ரோ நொடி ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். ஒரு டிவியில் படம் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளியிருந்தாலே குறி தவறும். அதனால்தான் ஆட்டம் தொடங்குமுன் நடுவில் ஒரு தடவை சுடச் சொன்னார்கள்.

இனி புதிய துப்பாக்கி. தட்டைத் திரைக்கென்று இன்று இரண்டு வழிகள் இருக்கின்றன. சிண்டன் என்ற வகை, துப்பாக்கியில் ஒரு சிறு கேமராவை வைத்து, படத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு ஒன்றைக் காட்டி, அந்தச் சட்டத்தைத் தேடிப் பிடிக்கிறது. இன்னொரு வகையில் டிவியைச் சுற்றி நான்கு அகச்சிவப்பு எல்இடிகளை ஒட்டுகிறோம். துப்பாக்கிக்குள் இருக்கும் கேமரா அந்த நான்கு புள்ளிகளை மட்டும் பார்க்கிறது. கன்-ஃபோர்-ஐஆர், ஓப்பன்ஃபயர் என்பவை இந்த வழியில் வந்தவை. நண்பரிடம் இருப்பதும் நான்கு புள்ளி வகை.

“ஏன் நாலு? ரெண்டு போதாதா?” என்றாள் பெண்.

அருமையான கேள்வி. வாசலில் அம்மா போடும் சதுரக் கோலத்தை நேர் மேலே நின்று பார்த்தால் சதுரம். படியில் உட்கார்ந்து பார்த்தால் பக்கத்து ஓரம் நீண்டும் எதிர் ஓரம் குறுகியும் தெரியும். அந்தக் கோணலை வைத்தே நீ எங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று ஒருவர் சொல்லிவிடலாம். இரண்டு புள்ளியில் ஒரு கோடுதான் கிடைக்கும். நான்கில் முழுச் சதுரமும் அதன் கோணலும் கிடைக்கும். 2006-ல் வந்த நிண்டெண்டோ வீ கருவி இரண்டு விளக்குத் தொகுதியோடு சமாளித்தது. அதன் கட்டையை சென்சார் பார் என்று அழைத்தார்கள். ஆனால் அதற்குள் விளக்குகள்தான் இருந்தன. கண் கையில் பிடிக்கும் ரிமோட்டில். அந்தக் கட்டைக்குப் பதில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றி வைத்தும் விளையாடலாம்.

மெழுகுவத்தி வேலை செய்யும் என்றால் குத்துவிளக்கும் வேலை செய்யும். அதுதான் முதல் எச்சரிக்கை. டிவிக்குப் பக்கத்தில் சாமி மாடத்தில் விளக்கு எரிந்தால் கேமராவுக்கு அது ஐந்தாவது புள்ளி. மேற்கு ஜன்னல் வழியாக வரும் மாலை வெயிலும் அப்படியே. பழைய குண்டு பல்பும் சேர்த்திதான்: அது தின்னும் மின்சாரத்தில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பாகவே போகும். பளபளக்கும் சிவப்பு ஆக்சைடு தரையும் ஷோகேஸ் கண்ணாடியும் எல்இடியைப் பிரதிபலித்துப் பொய்ப்புள்ளி காட்டலாம். திரைச்சீலையை இழுத்துவிட்டு, தரையில் ஒரு ஜமக்காளம் விரித்துவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

எல்இடி எரிகிறதா என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது. செல்போனின் முன்பக்கக் கேமராவில் பாருங்கள், வெளிர் ஊதாவாக மின்னும். டிவி ரிமோட்டைச் சோதிக்கும் அதே வித்தைதான்.

அடுத்தது தூரம். 43 இன்ச் டிவியின் அகலம் சுமார் 95 சென்டிமீட்டர். இந்தத் துப்பாக்கிகளில் பலர் பொருத்தும் ஒரு கேமராவின் பார்வை அகலம் 33 டிகிரி. நான்கு மூலையிலும் எல்இடி வைத்து, இடது ஓரத்தைக் குறிபார்க்கும்போதும் வலது ஓரப் புள்ளிகள் கேமராவுக்குத் தெரிய வேண்டுமென்றால் சுமார் 3.2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஹால் சின்னதாக இருந்தால் அகலக் கோண லென்ஸ் போட வேண்டும். ஓரங்களில் மட்டும் குறி குதித்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

பிறகு டிவி. ‘கேம் மோடு’ போட்டால் தாமதம் குறையும். படத்தின் ஓரத்தைச் சில டிவிகள் வெட்டிவிட்டுப் பெரிதாக்கிக் காட்டும்; கம்ப்யூட்டர் திரையின் நான்கு ஓரமும் முழுதாகத் தெரிகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பட அளவு அமைப்பில் சரிசெய்யுங்கள். இதைச் செய்யாமல் குறி சரிசெய்வது, அளவுகோலின் நுனி உடைந்திருப்பதைப் பார்க்காமல் துணி வெட்டுவது மாதிரி.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் கேலிபரேஷன். டீயைக் குடித்து முடித்து, மூவரும் எதிர்வீட்டுக்குப் போனோம். நான்கு எல்இடிகளையும் சோதித்தோம். ஜன்னலை மூடினோம்.

“உடனே சரிபண்ண வேண்டாம், முதல்ல நோய் என்னன்னு பார்ப்போம்” என்றேன். இந்தத் துப்பாக்கி கம்ப்யூட்டருக்கு ஒரு மவுஸ்தான். விசை அதன் இடது பொத்தான். படம் வரையும் பெயின்ட் செயலியைத் திரை முழுக்கத் திறந்து, நடுவில் ஒரு கூட்டல் குறி போட்டோம். சுடும் ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளி விழும். ஆளுக்குப் பத்து.

அப்பாவின் புள்ளிகள் ஒரு சாப்பாட்டுத் தட்டளவுக்குச் சிதறின. இரண்டு மட்டும் குறிக்கு அருகில் விழுந்தன. மகளின் புள்ளிகள் குறியிலிருந்து நான்கு விரல் தள்ளி, கீழே வலப்பக்கம் விழுந்தன. ஆனால் பத்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும் அளவுக்கு நெருக்கம்.

இந்தப் பத்தியில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகள் சிதறினால் அது கையின் ஆட்டம், அல்லது பொய்ப்புள்ளியின் குழப்பம். புள்ளிகள் ஓரிடத்தில் கூடி, அந்த இடம் மட்டும் தள்ளியிருந்தால், கை சரி. துப்பாக்கிக்குத்தான் திரை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

சரிசெய்யும் முறை எளிது. விளையாடும் இடத்தில், விளையாடும் நிலையில் நில்லுங்கள். துப்பாக்கியைச் சாய்க்காமல் பிடித்து, முன் குறியும் பின் குறியும் ஒரே கோட்டில் வரும்படி பாருங்கள். மென்பொருள் காட்டும் வரிசையில் நடுவையும் நான்கு ஓரங்களையும் சுடுங்கள். ஓரம் என்றால் டிவியின் பிளாஸ்டிக் சட்டம் இல்லை, படத்தின் ஓரம். விசையை வெடுக்கென்று இழுத்தால் முனை தாழும், மெல்ல அழுத்துங்கள்.

நிற்கும் தூரம் ஏன் முக்கியம்? கண்ணால் பார்க்கும் குறிமுள் குழலின் மேலே, கேமரா கீழே. இரண்டுக்கும் 4 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். 2 மீட்டரில் நின்று சரிசெய்துவிட்டு 3 மீட்டரில் நின்று ஆடினால் குறி 2 சென்டிமீட்டர் விலகும். வீட்டில் கத்தரிக்கோலால் ஒரு சிறு டேப் வெட்டி, நிற்கும் இடத்தில் தரையில் ஒட்டிவிடுங்கள்.

கடைசியாக விளையாட்டுக்குள் ஒரு முறை. பழைய ஆர்கேட் விளையாட்டுகள் பலவற்றில் குறி சரிசெய்யும் பக்கம் உண்டு. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மேம் எமுலேட்டரில் எஃப்2 அழுத்தினால் அந்தச் சர்வீஸ் மெனு வரும். பழைய விளையாட்டின் படம் நாலுக்கு மூன்று என்ற அளவில் இருப்பதால், 43 இன்ச் டிவியில் அதற்குச் சுமார் 71 சென்டிமீட்டர் அகலம்தான். இரண்டு பக்கமும் 12 சென்டிமீட்டர் கறுப்புப் பட்டை. அங்கே படத்தின் ஓரத்தைச் சுடுங்கள், பட்டையின் ஓரத்தை அல்ல. முதலில் துப்பாக்கியைத் திரைக்குச் சரிசெய்து, பிறகு விளையாட்டைத் துப்பாக்கிக்குச் சரிசெய்ய வேண்டும். வரிசை மாறினால் ஒன்றின் பிழையை இன்னொன்று சுமக்கும்.

எல்லாம் முடிந்து மறுபடி பெயின்ட்டைத் திறந்தோம். அப்பாவின் தட்டு அதே அளவில், இப்போது குறியைச் சுற்றி. அவருக்கு முன்பு நடுநடுவே பட்டதன் காரணமும் புரிந்தது: சிதறல் அகலமாக இருந்ததால் ஓரிரண்டு தற்செயலாகக் குறிமேல் விழுந்திருக்கின்றன. சிறிதும் ஆடாத கைக்கோ ஒன்றுகூட விழவில்லை.

மகள் பத்து முறை சுட்டாள். கூட்டல் குறி புள்ளிகளுக்கு அடியில் மறைந்துவிட்டது.

“கைல தப்பே இல்ல பாப்பா, முதல்லயும் இல்ல” என்றேன். அவள் திரையை அழிக்காமல், செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டாள்.