நிழற்படம் ஓவியமாகும்போது: மலையகப் படிமங்கள் பற்றி ஒரு நோக்கு

அற்றனிலிருந்து நுவரெலியா நோக்கிச் செல்லும் பயணி ஒருவர் தேயிலைச் சரிவொன்றில் கொழுந்து பறிக்கும் பெண்களைக் கைத்தொலைபேசியாற் படம்பிடிக்கிறார். சில கணங்களில், கணினி மென்பொருளின் துணையுடன், அப்படம் எண்ணெய்வண்ண ஓவியம்போல மாறிவிடுகின்றது. நாட்காட்டிகளிலும் விளம்பரங்களிலும் இத்தகைய படங்களை நாம் அடிக்கடி காண்கின்றோம். இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கின்றது, அதன்போது படத்திலிருந்து எது நீங்குகின்றது என்னும் இரு வினாக்களை இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

நிழற்படத்தை ஓவியத்தின் சாயலுக்குக் கொண்டுவரும் விருப்பம் கணினியோடு பிறந்ததன்று. அவ்விருப்பத்தின் வரலாற்றில் முதன்மையிடம் பெறும் ஒருவர் மலையக மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளார் என்பது பலரும் அறியாத செய்தி. ஜூலியா மார்கிரட் கமரன் அம்மையார் 1863இல், தமது நாற்பத்தெட்டாம் வயதில், முதன்முதலாகப் படக்கருவியைக் கையிலெடுத்தார். வில்லையின் குவியத்தைச் சற்றே நெகிழ்த்தியும், நீண்ட நேரம் ஒளிபடச் செய்தும், உருவங்களின் விளிம்புகளை மென்மையாக்கினார். கூர்மையின்மை குறைபாடென அக்காலத்துத் திறனாய்வாளர் சிலர் கண்டித்தனர். பிற்காலத்தார் அதனையே கலைத்திறன் எனப் போற்றினர். கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவினால் இலங்கை வரலாற்றில் இடம்பெற்ற சாள்ஸ் ஹே கமரன் இவருடைய கணவராவார். 1875இல் இருவரும் இலங்கையிற் குடியேறினர். 1879 சனவரியில் டிக்கோயாப் பகுதியில் அம்மையார் காலமானார். பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அவரது கல்லறை உள்ளது.

இங்கிலாந்தில் அவர் படம்பிடித்த தெனிசன், டார்வின், ஹேர்சல் ஆகியோரின் பெயர்கள் படங்களோடு நிலைத்துள்ளன. இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் எஞ்சியவை மிகச் சிலவே. அவற்றில் இடம்பெற்ற உள்ளூர் மாந்தர் பெரும்பாலும் பெயரின்றி, ‘குடியானவர் குழு’ என்பன போன்ற பொதுத்தலைப்புகளின் கீழேயே அறியப்படுகின்றனர். கலையழகு குறையாத அப்படங்களில் ஆட்களின் அடையாளம் குறைந்துவிட்டது. பின்னர் வந்த வண்ணமிட்ட அஞ்சலட்டைகளும் தேயிலை விளம்பரங்களும் இப்போக்கினையே தொடர்ந்தன. கூடை சுமந்த தமிழ்ப்பெண் உலகறிந்த படிமமானாள். அவள் யார், எத்தோட்டத்தினள் என்பதை எவரும் குறித்துவைக்கவில்லை.

இனிக் கணினியின் செயன்முறையை நோக்குவோம். கணினியைப் பொறுத்தவரை படம் என்பது எண்களின் அட்டவணையே. பிக்சல் எனப்படும் ஒவ்வொரு படப்புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றன் அளவும் பொதுவாக 0 முதல் 255 வரையான எண்களாற் குறிக்கப்படும். 1990இல் வெளிவந்த போட்டோசொப், 1996இல் வெளிவந்து இன்றும் இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் முதலிய மென்பொருள்கள் இவ்வெண்களைக் கணித்து மாற்றுகின்றன. அவ்வாறு மாற்றும் விதியே வடிகட்டி எனப்படுகின்றது.

எண்ணெய்வண்ணத் தோற்றந்தரும் எளிய வடிகட்டியின் விதி இது: ஒவ்வொரு புள்ளியையும் சூழவுள்ள அயற்பரப்பினை எடுத்து, அங்கு எந்த ஒளிச்செறிவு மிகுதியாகக் காணப்படுகின்றதோ அதனையே அப்புள்ளிக்கும் வழங்குதல். ஏழுக்கு ஏழு என்னும் அயற்பரப்பில் 49 புள்ளிகள் உள்ளன. அதில் ஒரு கண் ஒன்பது புள்ளிகளை மட்டும் நிரப்பி, ஏனைய நாற்பதும் ஏறத்தாழ ஒரே தோல்நிறத்தினவாயின், கண் இருந்த இடத்தையும் தோல்நிறமே நிரப்பிவிடும். சுருங்கக்கூறின், இவ்விதி பெரும்பான்மையின் விதியாகும். சிறு வேறுபாடுகள் கரைந்து ஒரே நிறத் திட்டுகளாவதனாலேயே தூரிகைத் தீற்றல் போன்ற தோற்றம் உண்டாகின்றது.

மற்றொரு முறை யப்பானிய ஆய்வாளர் குவஹாரா முதலியோர் 1976இல் இதயம் சார்ந்த மருத்துவப் படங்களைத் தெளிவாக்கும் பொருட்டு முன்வைத்தது. ஐந்துக்கு ஐந்து பரப்பினை, நடுப்புள்ளியைப் பொதுவாகக் கொண்ட மூன்றுக்கு மூன்று அளவினவான நான்கு பகுதிகளாக நோக்கி, அவற்றுள் வேறுபாடு மிகக் குறைந்த பகுதியின் சராசரியை நடுப்புள்ளிக்கு வழங்குவது இம்முறை. பெரிய உருவங்களின் விளிம்புகள் மங்காமல் நிற்கும். நுண்விவரங்கள் மட்டும் மறையும். 2015இல் ஜேர்மனியின் தூபிங்கன் ஆய்வாளர் வெளியிட்ட முறை இவற்றினின்றும் வேறுபட்டது. அது செயற்கை நரம்பு வலையமைப்பின் மூலம் ஒரு படத்தின் உள்ளடக்கத்தையும் வேறோர் ஓவியத்தின் பாணியையும் பிரித்தறிந்து இணைக்கின்றது.

முதலிரு வடிகட்டிகளையும் தேயிலைமலைப் படமொன்றிற் பயன்படுத்தினால் விளைவது யாது? படத்தின் பெரும்பரப்பு பச்சை. அது மேலும் எழிலுறுகின்றது. மூடுபனி மென்மையுறுகின்றது. ஆனால், தொலைவில் நிற்கும் தொழிலாளியின் முகம் சில புள்ளிகளையே நிரப்புவது. நெற்றியை அழுத்தும் கூடைக்கயிறு, இடுப்பிற் சுற்றிய படங்கு, கொழுந்துச்சாறு படிந்து கறுத்த விரல்கள், லயத்துக் கூரைத்தகரத்தின் துருவும் ஓட்டையும் ஆகிய யாவும் நுண்விவரங்களே. எனவே முதலில் மறைவன அவையே. மென்பொருளுக்கு இதில் எவ்விதக் கருத்துச்சார்பும் இல்லை; சிறியதை நீக்குவது அதன் கணிதம். எனினும், உழைப்பின் தடயங்கள் படத்திற் சிறியனவாகவே அமைந்துவிடுதலால், அக்கணிதத்தின் பயனாக உழைப்பு மறைந்து இயற்கைக்காட்சி மட்டும் எஞ்சுகின்றது.

ஆதலால் இக்கருவியைக் கைவிட வேண்டுமென்பது எமது கருத்தன்று. கலைஞன் தான் எதனைக் காக்க விரும்புகின்றான் என்பதை முன்னரே தீர்மானித்தல் வேண்டும். அதற்கான வழியும் மென்பொருளிலேயே உண்டு. முதலில் மூலப்படத்தைத் தொடாது, அதன் பிரதியொன்றை மேலடுக்காக அமைத்து, வடிகட்டியை அவ்வடுக்கில் மட்டும் செலுத்துக. அடுத்து, அவ்வடுக்கிற்கு மறைப்பு ஒன்றை இணைத்து, முகமும் கைகளும் உள்ள இடங்களிற் கறுப்பு வண்ணம் பூசுக. அங்கெல்லாம் கீழுள்ள மூலப்படம் வெளித்தெரியும். சாம்பல்நிறம் பூசினால் இரண்டும் கலந்து தோன்றும். மேலும் ஒரு பிரதியில் அயற்பரப்பின் அளவைச் சிறிதாக்கி வடிகட்டினால், கூடையும் கயிறும் தூரிகைச் சாயலுடனேயே உருவழியாது நிற்கும். ஓவியனும் முகத்துக்கு நுண்தூரிகையையும் வானத்துக்கு அகன்ற தூரிகையையும் எடுப்பவனே. எல்லா இடத்துக்கும் ஒரே அளவை ஏவுவது ஓவிய மரபுமன்று.

மலையக மக்களைப் பொறுத்தவரை நிழற்படம் அழகுப்பொருள் மட்டுமன்று என்பதும் மனங்கொள்ளத்தக்கது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது; எஞ்சியோரின் நிலை 1974இலேயே இரு அரசுகளாலும் வகுக்கப்பட்டது. நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டவழித் தீர்வு காண 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. தாம் இன்னார் என எண்பிக்குமாறு தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்பட்ட மக்களுக்கு, தெளிவான முகமொன்று பதிந்த படம் சான்றாவணமுமாகும். பிரிந்து சென்ற உறவினரின் ஒரே நினைவாக அத்தகைய படமொன்றே எஞ்சியுள்ள குடும்பங்களும் உண்டு.

எனவே மலையகப் படங்களை ஓவியமாக்க முனையும் மாணவரும் கலைஞரும் மூன்று கடமைகளை மேற்கொள்ளுதல் நன்று. படத்தில் உள்ளவரிடம் இசைவு பெறுதல் முதலாவது. மாற்றம் செய்யாத மூலப்படத்தைத் தனியே பேணுதல் இரண்டாவது. தோட்டம், பிரிவு, ஆண்டு ஆகியவற்றையும், உரியவர் விரும்பின் அவரது பெயரையும் படத்தின் கீழ் எழுதுதல் மூன்றாவது. கமரன் அம்மையாரின் படங்களில் நிற்போரின் பெயர்களை இனி நாம் அறியப்போவதில்லை. இன்று எடுக்கப்படும் படங்களுக்கு அந்நிலை நேராது தடுத்தல் நமக்கு இயல்வதே. அதற்கு வேண்டுவது படமெடுத்த அன்றே எழுதிவைக்கும் ஒரு வரி மட்டுமே.